‘ஹண்டிங்’ பைனாகுலர் பறவை பார்க்க ஆகுமா? குறைந்த விலையில் எதை வாங்கலாம்?

திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து ஓர் ஆசிரியர் கேட்டிருக்கிறார். அண்மையில்தான் கூந்தன்குளம் போய்ப் பறவை பார்க்கத் தொடங்கியிருக்கிறார். பொங்கல் விடுமுறையில் நடக்கும் பறவைக் கணக்கெடுப்பில் பத்து வயது மகளையும் அழைத்துக்கொண்டு கலந்துகொள்ள ஆசை. சீசனில் குற்றாலத்துக்கும் மலைப்பக்கத்துக்கும் போவாராம். கையில் 12,000 ரூபாய், மிஞ்சிப் போனால் 15,000. ஆன்லைனில் தேடினால் ‘ஹண்டிங் பைனாகுலர்’ என்ற பெயரில்தான் வரிசையாக வந்து விழுகின்றன: 10x42, 20x50, ‘10–180 ஜூம்’ என்று. வேட்டைக்கென்று செய்தது பறவைக்கு ஆகுமா, எத்தனை மடங்கு பெரிதாகக் காட்ட வேண்டும், மூக்குக்கண்ணாடி போடுகிறவர் எதைக் கவனிக்க வேண்டும் என்பவை அவருடைய கேள்விகள்.

முதல் கேள்விக்குப் பதில்: ஆகும். நம் நாட்டில் 1972-ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி வேட்டைக்குத் தடை இருக்கிறது. ஆனால் உலகச் சந்தையில் பைனாகுலரை அதிகம் வாங்குகிறவர்களில் அமெரிக்க, ஐரோப்பிய வேட்டைக்காரர்களும் உண்டு. அதனால் அந்தப் பெயர் ஒட்டிக்கொண்டு இங்கேயும் வருகிறது. அவர்களுக்குள்ளேயே தேவை ஒன்றல்ல. (கீழே வரும் எண்களில் முதலாவது எத்தனை மடங்கு என்பது, இரண்டாவது முன்பக்க லென்ஸின் விட்டம்; விவரம் பின்னால்.) ஜெர்மனியில் பரண் மேல் உட்கார்ந்து நிலவொளியில் காட்டுப்பன்றிக்காகக் காத்திருப்பவர் 8x56 வைத்திருப்பார். இருட்டில் ஒளியைக் கூட்டித் தரும், ஆனால் எடை ஒரு கிலோவைத் தாண்டும். அமெரிக்காவின் மேற்கு மாநிலங்களில் மலைச்சரிவில் உட்கார்ந்து எதிர்ச்சரிவை மணிக்கணக்காக அலசுகிறவர் 10x42 வைத்திருப்பார், அல்லது 15x56-ஐ முக்காலியில் பொருத்தியிருப்பார். அடர்ந்த காட்டுக்குள் நடந்து மானைத் தேடுகிறவர் 8x32-ஓ 8x42-ஓ போதும் என்பார். நமக்கு நெருக்கமானவர் இந்த மூன்றாமவர்தான். விடியற்காலை மங்கலில், இலைகளுக்கு நடுவே, சட்டென்று அசையும் ஒன்றை நடந்துகொண்டே பார்க்க வேண்டியவர். பறவை பார்ப்பவரின் வேலையும் அதுவே.

ஆகவே பெயரை விட்டுவிட்டு எண்களைப் பாருங்கள். இலைதழை வண்ணத்தில் ரப்பர் போர்த்தியிருப்பது கண்ணாடியின் தரத்தைப் பற்றி எதுவும் சொல்லாது. ‘மிலிட்டரி’ என்று போட்டு, உள்ளே திசைகாட்டியும் அளவுகோல் கோடும் வைத்திருப்பது கடலிலும் களத்திலும் தூரம் கணக்கிட. பறவையின் மேல் அந்தக் கோடு வந்து உட்காரும்போது தொந்தரவுதான். இவற்றுக்குப் போகும் பணம் லென்ஸுக்குப் போகாத பணம்.

8x42 என்றால் எட்டு மடங்கு பெரிதாகக் காட்டும், முன்பக்க லென்ஸின் விட்டம் 42 மி.மீ. என்று பொருள். புதிதாக வாங்குகிற எல்லோருக்கும் முதல் எண்ணின் மேல்தான் கண் போகும். எட்டை விடப் பத்து நல்லது, பத்தை விட இருபது இன்னும் நல்லது என்று தோன்றும். நான் இந்த இடத்தில் கொஞ்சம் நின்று சொல்கிறேன், ஏனென்றால் பணம் வீணாவது பெரும்பாலும் இங்கேதான்.

நூறு மீட்டர் தூரத்தில் ஒரு பறவை இருக்கிறது. எட்டு மடங்கில் அது பன்னிரண்டரை மீட்டரில் இருப்பது போலத் தெரியும். பத்து மடங்கில் பத்து மீட்டரில் இருப்பது போல. கிடைத்த லாபம் அந்த இரண்டரை மீட்டர். அதற்குக் கொடுத்த விலை என்ன? கை நடுக்கமும் பத்து மடங்காகத் தெரியும். நடந்து வந்த மூச்சிரைப்பில், காற்றடிக்கும் ஏரிக்கரையில், அந்த நடுக்கத்தில் இறகுக் கோடுகள் கலங்கிப்போகும். பெரிதாகத் தெரிந்தும் விவரம் தெரியாது. அதைவிடப் பெரிய இழப்பு, பார்வைப் பரப்பு சுருங்குவது. இந்த விலையில் எட்டு மடங்குக் கருவி ஏழிலிருந்து எட்டு டிகிரி வரை காட்டும். பத்து மடங்கு ஆறு, ஆறரையில் நின்றுவிடும். ஒரு டிகிரி என்பது ஆயிரம் மீட்டர் தூரத்தில் ஏறக்குறைய பதினேழரை மீட்டர் அகலம். எட்டு டிகிரி என்றால் 140 மீட்டர். ஆறு டிகிரி என்றால் 105 மீட்டர். வேப்பமரத்துக்குள் ஒரு மாங்குயில் தாவுகிறது என்று வையுங்கள். வெறுங்கண்ணால் பார்த்துவிட்டுக் கருவியைத் தூக்கும்போது அது வட்டத்துக்குள் விழுகிறதா, அல்லது கிளை கிளையாகத் தேடிக்கொண்டிருக்கும்போதே பறந்துவிடுகிறதா என்பதை இந்த அகலம்தான் தீர்மானிக்கிறது. தொடக்கத்தில் பலர் ‘எனக்கு எதுவுமே தெரியவில்லை’ என்று மனம் விட்டுப்போவது அவர்கள் கண்ணின் குறையால் அல்ல. குறுகலான பரப்பைக் காட்டும் கருவியை வாங்கியதால்.

கூந்தன்குளத்தில் நீர்ப்பரப்பு அகலம், வரித்தலை வாத்து தூரத்தில் நிற்கிறது, அதற்காவது பத்து வேண்டாமா என்று கேட்கலாம். அந்தத் தூரத்துக்குப் பத்தும் போதாது. அங்கே வேண்டியது முக்காலியில் நிற்கும் ஸ்பாட்டிங் ஸ்கோப் என்ற ஒற்றைக் குழாய்த் தொலைநோக்கி. கணக்கெடுப்புக் குழுவில் பெரும்பாலும் யாரிடமாவது ஒன்று இருக்கும், கேட்டால் காட்டுவார்கள். கூடு கட்டும் பருவத்தில் ஊருக்குள், வீட்டு முற்றத்து மரங்களிலேயே சங்குவளை நாரையும் கூழைக்கடாவும் உட்கார்ந்திருக்கும் ஊர் அது. அங்கே எட்டு மடங்கே முகத்துக்கு நேரே கொண்டுவந்து நிறுத்திவிடும்.

இருபது மடங்கைக் கையில் பிடித்துப் பார்க்கவே முடியாது. ‘10–180’, ‘1000x’ என்பவற்றில் பாதி, நடக்காத கணக்கு. உண்மையான ஜூம் பைனாகுலராக இருந்தாலும், நகரும் லென்ஸ்கள் இரண்டு குழாய்களிலும் ஒரே நேரத்தில் ஒரே அளவில் நகர வேண்டும். குறைந்த விலையில் அந்தத் துல்லியம் வராது. கண் இழுக்கும், தலை வலிக்கும். ‘ஃபோகஸ் செய்யவே வேண்டாம்’ என்று விற்பவற்றையும் விட்டுவிடுங்கள். தூரத்தில் இருப்பது மட்டும் சுமாராகத் தெரியும், பக்கத்துச் செடியில் இருக்கும் தையல்சிட்டு தெரியாது.

இப்போது இரண்டாவது எண். 42-ஐ 8-ஆல் வகுத்தால் 5.25 வரும். கருவியைக் கண்ணிலிருந்து ஓரடி தள்ளிப் பிடித்து வெளிச்சத்தைப் பார்த்தால், கண் வைக்கும் பக்கத்து லென்ஸில் ஒரு சின்ன ஒளிவட்டம் தெரியும். அதன் விட்டம்தான் இந்த 5.25 மி.மீ. நம் கண்பாவை நல்ல வெயிலில் இரண்டு மூன்று மி.மீ. அளவே திறந்திருக்கும், மங்கலில் விரியும். இளவயதில் ஏழு வரை போகும். வயது ஏற ஏற ஐந்தோடு நின்றுவிடுவது வழக்கம். ஒளிவட்டம் கண்பாவையை விடச் சிறிதானால் காட்சி மங்கும். 8x42-க்கு 5.25, 8x32-க்கு 4, 10x42-க்கு 4.2, சட்டைப்பை அளவு 8x21-க்கு 2.6 மட்டுமே, 20x50-க்கு 2.5. பகல் பத்து மணிக்கு இவற்றுக்குள் பெரிய வேறுபாடு தெரியாது. காலை ஆறு மணிக்கு, மரநிழலில், வேறுபாடு நன்றாகவே தெரியும். பறவைகள் சுறுசுறுப்பாக இருக்கும் நேரமும் அதுதான். வட்டம் பெரிதாக இருந்தால் கண்ணைச் சரியான இடத்தில் வைப்பதும் எளிது. புதியவருக்கும் குழந்தைக்கும் இது மிகப் பெரிய உதவி.

கண்ணாடியின் மேல் பூச்சு பற்றி. பூச்சு இல்லாத கண்ணாடிப் பரப்பு ஒவ்வொன்றும் தன் மேல் விழும் ஒளியில் ஏறக்குறைய 4 சதவீதத்தைத் திருப்பி அனுப்பிவிடும். ஒரு பைனாகுலருக்குள் அப்படிப் பத்துப் பரப்பாவது இருக்கும். எல்லாம் வெறுமையாக இருந்தால் மூன்றில் ஒரு பங்கு ஒளி வழியிலேயே போய்விடும். போனதோடு நிற்காமல் உள்ளே சிதறி, காட்சியின் மேல் வெளுத்த புகை போலப் படியும். ஜெர்மனியின் ஜெய்ஸ் நிறுவனத்தில் 1935-இல் கண்டுபிடிக்கப்பட்ட பூச்சு இந்தக் குறையைத் தீர்த்தது. பெட்டியில் வெறுமே ‘கோட்டட்’ என்றிருந்தால் எங்கோ ஒரு பரப்பில் ஓர் அடுக்கு இருக்கிறது என்றுதான் கொள்ள வேண்டும். ‘மல்டி கோட்டட்’ என்றால் சில பரப்புகளில் பல அடுக்கு. ‘ஃபுல்லி மல்டி கோட்டட்’ என்றால் காற்றைத் தொடும் எல்லாப் பரப்பிலும் பல அடுக்கு. உங்கள் தொகைக்கு இந்தக் கடைசி வகை கிடைக்கும், அதற்குக் குறைந்து போக வேண்டாம். சுற்றுலா இடங்களில் மாணிக்கச் சிவப்பாக மின்னும் லென்ஸோடு விற்பார்களே, அது வேண்டவே வேண்டாம். சிவப்பு வெளியே மின்னுகிறது என்றால் சிவப்பு உங்கள் கண்ணுக்கு வரவில்லை. தீக்காக்கையின் செம்மார்பைப் பார்க்க மலையேறிப் போய், அந்த நிறத்தைத் தடுக்கும் கருவியோடு நிற்கக் கூடாது.

அடுத்தது பிரிசம், அதாவது தலைகீழாக விழும் காட்சியை நிமிர்த்தித் தரும் கண்ணாடிக் கட்டி. உங்கள் முடிவு திரும்பும் இடம் இது. பழைய படங்களில் பார்க்கும், தோள் புடைத்த உருவம் கொண்டது போரோ வகை. 19-ஆம் நூற்றாண்டில் இத்தாலிக்காரர் இக்னாசியோ போரோ வகுத்த அமைப்பு. இரண்டு நேர்க்குழாய் போல இருப்பது ரூஃப் வகை. போரோவைச் செய்வது எளிது. அதனால் ஒரே விலைக்குப் போரோவில் பெரும்பாலும் கூடுதல் தெளிவு கிடைக்கும், ஆழம் நன்றாகத் தெரியும். நிக்கான் அக்குலான் 8x42, ஒலிம்பஸ் 8x40 டிபிஎஸ் ஆகிய இரண்டும் இந்த வகை. இரண்டிலும் பார்வைப் பரப்பு எட்டு டிகிரியைத் தொடும். கண்ணாடி போடாதவர், மழையில் போகாதவர், செலவைக் குறைக்க வேண்டியவர் என்றால் நான் யோசிக்காமல் இவற்றையே சொல்வேன்.

ரூஃப் வகையில் பிரிசத்தின் கூரை விளிம்பில் ஒளிக்கதிர் இரண்டாகப் பிரிந்து மறுபடி சேர்கிறது. சேரும்போது அலைகள் சற்று இசைகேடாக வருவதால் நுண்ணிய விவரம் மழுங்கும். அதைச் சரிசெய்யும் ஃபேஸ் கோட்டிங்கை ஜெய்ஸ் 1988-இல் கொண்டுவந்தது. அன்று விலையுயர்ந்த கருவிகளுக்கு மட்டும் இருந்தது இன்று நடுத்தர விலைக்கும் இறங்கிவிட்டது. கதிர்க்குருவிகளைப் புருவக்கோட்டையும் வாலின் நுனியையும் பார்த்துப் பிரிக்க முயலும்போது இதன் அருமை தெரியும். ரூஃப் வாங்குவதானால் பெட்டியில் ‘ஃபேஸ் கோட்டட்’ என்ற சொல் இருக்கிறதா என்று தேடுங்கள்.

ரூஃப் வகையின் உண்மையான பலம் வேறு. பெரும்பாலானவை நைட்ரஜன் அடைத்து, ரப்பர் வளையத்தால் மூடப்பட்டவை. தண்ணீர் புகாது, உள்ளே ஆவி படியாது. விலை குறைந்த போரோக்களில் பெரும்பாலும் இந்த அடைப்பு இல்லை. ஃபோகஸ் திருகும்போது கண்பகுதி முன்னும் பின்னும் நகர்ந்து ஈரக்காற்றையும் தூசியையும் உள்ளே இழுக்கும். நம் ஊர் ஈரத்தில் லென்ஸுக்குள் பூஞ்சை பிடிப்பது ஐரோப்பாவில் எழுதப்பட்ட பரிந்துரைகளில் அவ்வளவாக வராத சிக்கல். வெள்ளை நூல் படர்ந்தாற்போல உள்ளே வளரும், பூச்சையே அரித்துவிடும். நாகப்பட்டினம், தூத்துக்குடி போன்ற கடற்கரை ஊர்க்காரர்களுக்கும் வால்பாறை, நீலகிரிக்காரர்களுக்கும் அடைத்த கருவியைத்தான் பரிந்துரைப்பேன், தெளிவில் ஒரு படி குறைந்தாலும் சரி. உங்கள் நாங்குநேரிப் பக்கம் காய்ந்த பூமி. அந்த ஒரு காரணத்துக்காக என்றால் போரோவே போதும். ஆனால் நீங்கள் குற்றாலச் சாரலிலும் நிற்பவர், அதோடு மூக்குக்கண்ணாடியும் போடுகிறீர்கள். இந்த இரண்டாவது காரணம்தான் தீர்ப்பு சொல்கிறது.

லென்ஸிலிருந்து கண் எவ்வளவு தூரம் வரை தள்ளி இருந்தால் முழு வட்டமும் தெரியும் என்பதை ‘ஐ ரிலீஃப்’ என்று மி.மீ. கணக்கில் போட்டிருப்பார்கள். மூக்குக்கண்ணாடி நடுவே நிற்பதால் உங்களுக்கு 15 மி.மீ. ஆவது வேண்டும், 17 இருந்தால் நிம்மதி. மேலே சொன்ன இரண்டு போரோக்களிலும் இது 12 மி.மீ. அளவுதான். கண்ணாடியோடு பார்த்தால் வட்டத்தின் ஓரம் வெட்டுப்பட்டு, அந்த எட்டு டிகிரியின் பயன் கிடைக்காது. வெறும் கிட்டப்பார்வையோ தூரப்பார்வையோ என்றால் கண்ணாடியைக் கழற்றிவிட்டு ஃபோகஸிலேயே சரிசெய்துகொள்ளலாம். ஆனால் பறவையை முதலில் கண்டுபிடிக்கக் கண்ணாடி வேண்டும், பிறகு கழற்ற வேண்டும், அதற்குள் அது போய்விடும். சிதறல்பார்வை (அஸ்டிக்மாடிசம்) இருந்தால் கழற்றவே முடியாது.

ஆகவே உங்களுக்கு: 8x42, ரூஃப், அடைத்தது, ஃபுல்லி மல்டி கோட்டட், ஐ ரிலீஃப் 16-க்கு மேல். செலெஸ்ட்ரான் நேச்சர் டிஎக்ஸ், நிக்கான் புரோஸ்டாஃப் பி3 இரண்டும் இந்த வரம்புக்குள் வருகின்றன. உங்கள் தொகையிலும் பெரும்பாலும் அடங்கும், விலை ஏறி இறங்குவதால் சில வாரம் கவனித்து வாங்குங்கள். இரண்டில் என் சாய்வு செலெஸ்ட்ரான் பக்கம். அது இரண்டு மீட்டர் கிட்டத்திலும் ஃபோகஸ் ஆகும், பாதையோரத்து வண்ணத்துப்பூச்சியையும் தும்பியையும் மகளுக்குக் காட்டலாம். பறவை ஓடிய நேரத்தில் குழந்தையின் ஆர்வத்தைப் பிடித்து வைப்பவை அவைதாம்.

மகளைப் பற்றி இன்னொன்று. பத்து வயதில் இரு கண்மணிகளுக்கு நடுவே உள்ள இடைவெளி பெரியவர்களை விடக் குறைவு. பெரும்பாலான 42 மி.மீ. கருவிகளை 56 மி.மீ.க்குக் கீழே மடக்க முடியாது. அவளால் இரு கண்ணாலும் ஒரே வட்டமாகப் பார்க்க முடிகிறதா என்று கேட்டுப் பாருங்கள். இரண்டு வட்டம் தெரிகிறது என்றால் இப்போதைக்கு ஒற்றைக் கண்ணால் பார்க்கட்டும். பிறகு பணம் சேரும்போது சிறிய 6 அல்லது 8 மடங்குக் கருவி ஒன்று அவளுக்கென்று வாங்கலாம். ‘குழந்தைகளுக்கானது’ என்று பிளாஸ்டிக் லென்ஸோடு வருவதை மட்டும் கொடுத்துவிடாதீர்கள். ஒன்றும் தெரியாத கருவியைக் கையில் கொடுத்தால் குழந்தை பறவையையே வெறுத்துவிடும்.

எதை வாங்கினாலும் பார்த்து வாங்க வேண்டும். செருப்பைப் போட்டுப் பார்த்து வாங்குவது போலத்தான். ஒரே மாடலில் இரண்டு பெட்டிக்குள் இருப்பவை ஒன்றுபோல இருப்பதில்லை. திருநெல்வேலியிலேயே கேமரா கடையில் கிடைத்தால் நல்லது. ஆன்லைன் என்றால் திருப்பி அனுப்பும் காலம் முடிவதற்குள் இந்தச் சோதனைகளைச் செய்துவிடுங்கள்.

முதலில் தலைகீழாகத் திருப்பி, டியூப்லைட் வெளிச்சத்தில் முன்லென்ஸைப் பாருங்கள். விளக்கின் பிம்பம் மங்கிய பச்சையாகவோ ஊதாவாகவோ தெரிந்தால் பூச்சு இருக்கிறது. பளீரென்று வெள்ளையாகத் தெரிந்தால் இல்லை. உள்ளே தூசி, விரல்ரேகை, நூல் ஏதும் இருக்கிறதா என்று டார்ச் அடித்துப் பாருங்கள். பிறகு ஓரடி தள்ளிப் பிடித்து வெள்ளைச் சுவரைப் பார்த்து, முன்பு சொன்ன ஒளிவட்டத்தைக் கவனியுங்கள். வட்டமாக, ஓரம் வெட்டுப்படாமல் இருக்க வேண்டும். போரோவில் அது சதுரம்போல் ஓரம் மங்கித் தெரிந்தால் மட்டமான பிரிசக் கண்ணாடி. அளவுகோலை வைத்து அளந்தும் பார்க்கலாம். 8x42-இல் நான்கு மி.மீ.தான் வருகிறது என்றால் உள்ளே வளையம் வைத்து ஒளியை அடைத்திருக்கிறார்கள், பெட்டியில் போட்ட 42 உண்மையான 42 அல்ல.

அடுத்த சோதனை எல்லாவற்றையும் விட முக்கியம். இரு குழாயும் ஒரே இடத்தைப் பார்க்கின்றனவா? தூரத்து மின்கம்பியையோ மாடிக் கைப்பிடிச் சுவரின் கோட்டையோ ஃபோகஸ் செய்துவிட்டு, கருவியை மெல்லக் கண்ணிலிருந்து சில அங்குலம் விலக்குங்கள். இடது வட்டத்திலும் வலது வட்டத்திலும் அந்தக் கோடு ஒரே உயரத்தில் இருக்க வேண்டும். ஒன்று ஏறி ஒன்று இறங்கியிருந்தால் வாங்காதீர்கள். கண் தன்னால் முடிந்தவரை அதைச் சமாளிக்கும். அந்தப் பாடு தலைவலியாக வரும், பார்ப்பவர் அது வெயிலால் வந்தது என்று நினைத்துக்கொள்வார். ஐந்து நிமிடம் விடாமல் பார்த்துவிட்டுக் கருவியை எடுக்கும்போது கண் ‘சுண்டி’ இழுத்தால் அதுவும் இதே குறைதான். நல்ல கருவியும் ஒருமுறை கீழே விழுந்தால் இப்படியாகும், இந்த விலைக் கருவியைச் சரிசெய்யும் செலவு பெரும்பாலும் கட்டுப்படியாகாது. எனவே கையில் எடுக்கும் முன் கழுத்தில் மாட்டும் பழக்கத்தை மகளுக்கும் முதல் நாளே சொல்லிவிடுங்கள். சூரியனை நோக்கித் திருப்பவே கூடாது என்பதையும் அப்போதே சொல்லுங்கள். நொடியில் பார்வை போய்விடும்.

வானத்தின் பின்னணியில் தென்னங்கீற்றைப் பாருங்கள்; ஓரங்களில் ஊதா, பச்சைக் கோடு தெரியும். இந்த விலையில் கொஞ்சம் இருக்கத்தான் செய்யும், நடுப்பகுதியில் கண்ணை உறுத்தாமல் இருந்தால் ஏற்றுக்கொள்ளலாம். ஃபோகஸ் சக்கரம் சறுக்காமல், இறுகாமல், ஒரே சீராகத் திரும்ப வேண்டும். கடைசியாக, உங்கள் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு, கண் வைக்கும் பக்கத்து ரப்பர் வளையங்களை முழுக்க உள்ளே திருகி, வட்டத்தின் கறுப்பு விளிம்பு சுற்றிலும் தெரிகிறதா என்று பாருங்கள்.

வாங்கிய அன்றே செய்ய வேண்டியது: இரண்டு வட்டமும் ஒன்றாகும்வரை கீல் மடக்குங்கள். வலது முன்லென்ஸை மூடிக்கொண்டு, தூரத்துப் பெயர்ப்பலகை ஒன்றை நடுச்சக்கரத்தால் இடது கண்ணுக்குத் தெளிவாக்குங்கள். பிறகு இடதை மூடி, சக்கரத்தைத் தொடாமல், வலது கண்பகுதியில் உள்ள வளையத்தை மட்டும் திருப்பி அதே பலகையைத் தெளிவாக்குங்கள். அந்த வளையத்தின் நிலையைக் குறித்து வைத்துக்கொள்ளுங்கள். மகள் வாங்கிப் பார்த்துத் திருப்பித் தரும்போது அது மாறியிருக்கும். இந்த ஒரு வேலையைச் செய்யாமலே ஆண்டுக்கணக்கில் அரைத் தெளிவில் பார்த்துக்கொண்டிருப்பவர்கள் நிறைய.

தூசியை முதலில் ஊதி, பிறகே மெல்லிய லென்ஸ் துணியால் துடையுங்கள். சட்டை நுனியால் துடைத்தால் மணல் பூச்சைக் கீறும். ஐப்பசி, கார்த்திகை மழையில் உறைக்குள் போட்டுப் பீரோவில் வைத்துவிடாமல், இறுக மூடும் டப்பாவில் சிலிக்கா ஜெல் பொட்டலத்தோடு வையுங்கள். அடைத்த கருவிக்கும் வெளிப்பரப்பில் பூஞ்சை வரும். பொட்டலம் நிறம் மாறினால் சூடுகாட்டி ஈரத்தைப் போக்கிவிட்டு மறுபடி போடலாம்.